மறதியின் அழகும் நாடாவின் சாட்சியமும்: பழைய பிரித்தானியத் தொலைக்காட்சி பற்றிய ஏக்கம் குறித்துச் சில கருத்துக்கள்

கழிந்துபோன காலத்தின் மீது மனிதர் கொள்ளும் ஏக்கத்தைத் தனிமனித உள்ளத்தின் இயல்பான கனிவு என விளக்கி அமைவது கருத்துமுதல்வாத விமர்சகரின் வழமை. ஆயின் ஏக்கத்துக்கு ஒரு பொருள் உண்டு. அப்பொருளை ஆக்கியோர் உளர். அதற்கு விலையும் உண்டு, உடைமையாளரும் உளர். இவற்றை விடுத்து ஏக்கத்தை மட்டும் ஆராய்வது நிழலைக் கொண்டு மரத்தை அளப்பதற்கு ஒப்பாகும். பிரித்தானியாவிலே 1950கள் தொடக்கம் 1980கள் வரை ஒளிபரப்பான நாடகங்களையும் நகைச்சுவைத் தொடர்களையும் விஞ்ஞானக் கற்பனைத் தொடர்களையும் முதலில் வீடியோ நாடாக்களிலும் பின்னர் டி.வி.டி. தட்டுக்களிலும் திரட்டி, ஓர் அங்கமேனும் குறையாது அடுக்கிவைத்துப் பேணும் வழக்கம் கடந்த நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வேரூன்றியுள்ளது. 1992இல் தொடங்கிய யூ.கே. கோல்ட், 2015இல் தொடங்கிய ரோக்கிங் பிக்சர்ஸ் போன்ற அலைவரிசைகள் இவ்வழக்கத்தின் வணிகத் துணைகளாயின. இதனை நாம் எவ்வாறு மதிப்பிடுவது என்பதே இங்கு எழும் வினா.

இவ்வினாவுக்கு ஆங்கில அறிஞர் உலகில் ஏலவே இரு விடைகள் உள்ளன. 1987இல் றொபேட் ஹியூவிசன், கைத்தொழில்கள் சரிந்த பிரித்தானியா பண்டங்களுக்குப் பதிலாகப் பழமையையே உற்பத்தி செய்து விற்கத் தலைப்பட்டது என வாதிட்டார். அவருக்குப் பழமை மீதான ஏக்கம் நிகழ்காலப் போராட்டத்தினின்று மக்களை விலக்கும் மயக்கமருந்து. 1994இல் வெளிவந்த ‘நினைவின் அரங்குகள்’ என்ற நூலில் ராபியேல் சாமுவேல் இதனை மறுத்தார். பொதுமக்களின் சேகரிப்புக்களை இகழ்வது படித்தோரின் மேட்டிமையே என்றும், அச்சேகரிப்புக்களும் வரலாறு எழுதுதலின் ஒரு வடிவமே என்றும் அவர் கொண்டார். இருவருள் சாமுவேலின் பக்கமே எமது சாய்வு. எனினும் இருவரும் சேகரிப்போனின் மனத்தைப் பற்றிப் பேசிய அளவுக்கு, அவன் கையிலுள்ள நாடாவைப் பற்றிப் பேசினாரல்லர். ஏக்கம் தெரிந்தெடுத்து மறக்கிறது. நாடாவோ மறந்ததையும் சேர்த்தே திருப்பித் தருகிறது. இம்முரண்பாட்டிலேதான் இவ்விடயத்தின் உயிர்நிலை இருக்கிறது என்பது எமது கருத்து.

முதலிற் பொருளியலை நோக்குவோம். 1956இல் அம்பெக்ஸ் நிறுவனம் அறிமுகஞ் செய்த இரண்டங்குல அகல வீடியோ நாடா மிகுந்த விலையுடையது. ஆனால் அழித்து மீண்டும் பயன்படுத்தத் தக்கது. நிகழ்ச்சி ஒளிபரப்பாகி முடிந்ததும் நிறுவனத்தின் கணக்கேட்டிலே பெறுமதியுடையதாக எஞ்சியது வெறும் நாடாவேயன்றி அதிற் பதிந்திருந்த கலையன்று. பயன்பெறுமதிக்கும் பரிவர்த்தனைப் பெறுமதிக்கும் இடையிலான பிளவை விளக்க இதனினும் தெளிவான உதாரணம் கிடைப்பதரிது. 1978இல் பி.பி.சி. தனது படச்சுருள், வீடியோ நாடா நூலகத்தை ஒழுங்காக அமைக்கும்வரை இவ்வழிப்பு தொடர்ந்தது. ‘டாட்ஸ் ஆமி’ தொடரின் 1969ஆம் ஆண்டு அங்கங்கள் மூன்று இன்றும் கிடைத்தில. பொப் டிலன் இளைஞராக நடித்த 1963ஆம் ஆண்டு நாடகமொன்று 1968இல் அழிக்கப்பட்டது. ‘டொக்டர் ஹூ’ தொடரின் 1960களுக்குரிய 253 அங்கங்களில் 97, 2013ஆம் ஆண்டு நிலவரப்படி காணாமற் போனவையாகவே இருந்தன.

இவ்விடத்தில் எம்மைப் போன்றோர் தவிர்க்க விரும்பக்கூடிய ஓர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். அழிப்புக்குக் காரணம் முகாமையாளரின் கஞ்சத்தனம் மட்டுமன்று. நடிகர் சங்கமாகிய ஈக்குவிற்றியுடன் செய்யப்பட்ட உடன்படிக்கைகள், ஒரு நிகழ்ச்சி எத்தனை முறை, எவ்வளவு காலத்துக்குள் மறுஒளிபரப்பாகலாம் என்பதை வரையறுத்தன. பழைய பதிவுகள் இடையறாது திரும்பத் திரும்பக் காட்டப்படின் புதிய வேலை கிடைக்காது போகும் என அச்சங்கம் அஞ்சியது. இயந்திரத்தால் வேலையிழக்கும் தொழிலாளியின் நியாயமான அச்சமே அது. ஆயின் அதன் விளைவாக, மறுஒளிபரப்புரிமை காலாவதியான நாடா நிறுவனத்துக்குப் பயனற்றதாகி அழிப்பறைக்குச் சென்றது. இதற்குச் சங்கத்தைப் பழிசொல்வார் உளர். உழைத்தோரின் வேலைப் பாதுகாப்பும் உழைப்பின் விளைவைப் பேணுதலும் ஒன்றுக்கொன்று பகையாகும் வண்ணம் அமைந்த உற்பத்தி உறவுகளையே நாம் பழிசொல்வோம். ஒரு கலைஞரின் வாழ்வூதியத்தைக் காப்பதற்கு அவரது கலை அழியவேண்டியிருந்தது என்றால், குறை எங்குளது?

நிறுவனம் பேணாததை யார் பேணினர்? இதற்குரிய விடை இருவகைப்பட்டது. ஒருசாரார் பார்வையாளர். வீட்டு வீடியோப் பதிவுக்கருவி பரவலாகாத 1960களில், தொலைக்காட்சிப் பெட்டியின் ஒலிபெருக்கிக்கு முன் ஒலிவாங்கியை வைத்து நாடாவிற் பதிந்துகொண்ட இளம் இரசிகர் சிலர் இருந்தனர். காணாமற்போன ‘டொக்டர் ஹூ’ அங்கங்கள் அனைத்தினதும் ஒலி இன்று எஞ்சியிருப்பது இவர்களின் கூலியற்ற உழைப்பினாலேயே. மற்றைய சாரார் முன்னாட் குடியேற்ற நாடுகளின் தொலைக்காட்சி நிலையங்கள். வெளிநாட்டு விற்பனைக்கெனத் திரையிலிருந்து 16 மில்லிமீற்றர் படச்சுருள்களிற் பிரதிசெய்யப்பட்டு உலகெங்கும் அனுப்பப்பட்டவை, அங்குள்ள அலுமாரிகளிலே தூசிபடிந்து கிடந்தன. நைஜீரியாவின் ஜொஸ் நகரிலிருந்து மீட்கப்பட்ட 9 அங்கங்கள் பற்றிய செய்தி 2013இல் வெளியாயிற்று. பேரரசின் தலைநகரம் தன் நினைவைத் தானே அழித்துவிட்டு, அதனை மீளப்பெறத் தன் பழைய குடியேற்றங்களின் களஞ்சிய அறைகளை நாடிச் சென்றது. (இலங்கையில் 1979 வரை தொலைக்காட்சி இன்மையால் அவ்வகைச் சுருள் எதுவும் இங்கு வந்து தூங்க வாய்ப்பிருக்கவில்லை.) ஆங்கில இரசிகர் எழுத்துக்களிலே இச்செய்தி பெரும்பாலும் புதையல் வேட்டைக் கதையாகவே சொல்லப்படுகிறது. புதையலைத் தெரிந்தோ தெரியாமலோ காத்துவைத்தோர் அக்கதையில் இடம்பெறுவது அருமை.

இனி ஒரு குறிப்பிட்ட நாடாவை நோக்குவோம். 1983இல் பி.பி.சி. தனது முதலாவது ‘டொக்டர் ஹூ’ வீடியோவை வெளியிட முற்பட்டபோது, எக்கதையை விரும்புகிறீர் என இரசிகரிடம் வினவப்பட்டது என்றும், அவர்கள் 1967இல் ஒளிபரப்பான ‘சைபர்மென்னின் கல்லறை’ என்ற நான்கங்கக் கதையையே வேண்டினர் என்றும் கூறுவர். அக்கதையை நிறுவனம் தானே அழித்திருந்தது! அதற்குப் பதிலாக வேறொரு சைபர்மென் கதை ஏறத்தாழ 40 பவுண் விலையில் வெளியாயிற்று. காணக்கிடையாத அக்கதையோ காணக்கிடையாமையினாலேயே வளர்ந்தது. சிறுவயதிற் கண்டோரின் நினைவுகளும் எஞ்சிய நிழற்படங்களும் சேர்ந்து அதனை ஒப்பற்ற படைப்பாக்கின. பின்னர் 1992ஆம் ஆண்டளவில் நான்கு அங்கங்களும் ஹொங்கொங்கிலிருந்து வந்து சேர்ந்தன. அவ்வாண்டே வீடியோவாக விற்பனைக்கும் வந்தன.

வந்த நாடாவில் ரொபர்மன் என்றொரு பாத்திரம் உண்டு. கல்லறையைத் திறக்க வரும் குழுவிலுள்ள செல்வப் பெண்ணொருத்தியின் பணியாளன்; கறுப்பினத்தவன்; பேருடலும் பெருவலிமையும் உடையவன்; பேச்சோ சில சொற்களே. ஜமெய்க்காவிற் பிறந்த றோய் ஸ்ருவேட் என்ற நடிகர் அதனை ஏற்று நடித்தார். சதிசெய்வோர் ஆங்கிலரல்லாத பெயரும் உச்சரிப்பும் கொண்டோர். எகிப்தின் கல்லறைகளைத் தோண்டிய பேரரசுக்கால அகழ்வாய்வுக் கதைகளின் வார்ப்பு அப்படியே வேற்றுக்கோளுக்கு இடம்மாற்றப்பட்டுள்ளது என்பது முதலங்கத்திலேயே புலனாகிறது. இதனைக் கூறுவதால் அக்கதையின் கலைத்திறனை நாம் மறுக்கவில்லை. பனி படர்ந்த அறைகள் ஒவ்வொன்றாகத் திறந்து உருக்கு மனிதர் இறங்கிவரும் காட்சி இன்றும் மெய்சிலிர்க்க வைப்பதே. ஏக்கம் பேணிவைத்திருந்தது அக்காட்சியை. ரொபர்மனை அது பேணிவைக்கவில்லை. சுருளே அவனைத் திருப்பி அழைத்துவந்தது. இன்று இக்கதை பற்றிய எந்தத் தீவிரமான உரையாடலும் அவனைத் தவிர்த்து நிகழ்வது கடினம். சேகரிப்பின் முற்போக்கான பணி, சேகரிப்போனின் நோக்கத்தையும் மீறி நிகழ்கிறது என்று நாம் கூறுவது இதனைக் கருதியே.

இத்தொடரின் முதற்கதையை நெறிப்படுத்தியவர் லக்னோவிற் பிறந்த வாரிஸ் ஹுசைன் என்பதும், முதற்றயாரிப்பாளர் வெறிற்றி லம்பேட் என்ற இளம்பெண் என்பதும், இருவரும் பி.பி.சி.யின் அன்றைய ஆங்கில ஆண் உயர்குழாத்துக்கு வெளியே நின்றோர் என்பதும் இங்கு மனங்கொள்ளத் தக்கவை. அவர்களை வழிநடத்தியவர் கனடாவிலிருந்து வந்த சிட்னி நியூமன். 1963இல் நாடகப் பிரிவின் தலைமையை ஏற்ற இவர், அவ்வாண்டு நவம்பரில் ‘டொக்டர் ஹூ’வையும் மறு ஆண்டில் ‘புதன்கிழமை நாடகம்’ என்ற வரிசையையும் தொடக்கிவைத்தார். கென் லோச் நெறிப்படுத்திய ‘கதீ கம் ஹோம்’ 1966இல் ஒளிபரப்பானது இவ்வரிசையிலேயே. வீடிழந்த இளங்குடும்பமொன்று படிப்படியாகச் சிதைக்கப்படுவதை ஒரே இரவில் ஒரு கோடிக்கும் அதிகமானோர் கண்டனர். பெரும்பகுதி படச்சுருளில் எடுக்கப்பட்டமையால் அது தப்பியது. ஜிம் அலனின் எழுத்தில் லோச் 1969இல் தந்த ‘த பிக் ஃபிளேம்’ லிவர்பூல் துறைமுகத் தொழிலாளர் கப்பற்றுறையைத் தாமே கைப்பற்றி நடத்துவதைச் சித்திரித்தது.

வேற்றுக்கோட் பயணமும் வீடற்றோர் துயரும் ஒரே கூரையின் கீழ், ஒரே அனுமதிக் கட்டணத்தில், ஒரே கலைக்கூடங்களில் உருவாயின. சந்தையோ அவற்றைப் பிரித்தது. முன்னையது நாடாவாகவும், டி.வி.டி.யாகவும், 2018 முதல் புளூ-றே தொகுதிகளாகவும் மூன்றுமுறை விற்கப்பட்டுள்ளது. ஒரே இரசிகன் ஒரே கதையை மும்முறை வாங்கினான். லோச்சின் பி.பி.சி. நாடகங்கள் தொகுதியாக வெளிவர 2011 வரை காத்திருக்க நேர்ந்தது. சேகரிப்போரின் சுவையே இதற்குக் காரணம் எனச் சிலர் சொல்லக்கூடும். பொருந்தாக் கூற்று. சுவை சந்தையில் உருவாவது. விற்பனைக்கு வராததை விரும்பக் கற்பவர் சிலரே.

சேகரிப்போரின் ஏக்கத்திற் பிற்போக்கான கூறு இல்லை என நாம் வாதிடவில்லை. அது எங்கு வெளிப்படையாகத் தலைகாட்டுகிறது எனின், 1970களின் நகைச்சுவைத் தொடர்கள் சார்ந்தே. இரண்டாம் உலகப்போர்க்கால இந்தியாவிலும் பர்மாவிலும் பிரித்தானியப் படையினரின் கலைநிகழ்ச்சிக் குழுவொன்று படும் பாட்டைக் கூறும் ‘இற் எய்ன்ற் ஹாஃப் ஹொற் மம்’ 1974 முதல் 1981 வரை ஒளிபரப்பானது. அதில் ரங்கிராம் என்ற இந்தியப் பணியாளனாக முகத்துக்குக் கபில நிறம் பூசி நடித்தவர் மைக்கல் பேற்ஸ் என்ற ஆங்கிலர். அவர் ஜான்சியிற் பிறந்தவர் என்பதும், அம்மொழியை அறிந்தவர் என்பதும் தொடரின் ஆதரவாளர் அடிக்கடி எடுத்துரைக்கும் நியாயங்கள். பிறப்பிடம் நிறப்பூச்சை நியாயப்படுத்துமாயின், எந்தக் குடியேற்றவாத அதிகாரியின் மகனும் எதையும் பூசிக்கொள்ளலாமன்றோ! பல்லாண்டுகளாக பி.பி.சி. மறுஒளிபரப்புச் செய்யாத இத்தொடரின் டி.வி.டி.யை வாங்குவோரிற் சிலருக்கு, ‘இப்போது இவ்வாறு சிரிக்க விடமாட்டார்கள்’ என்ற முறைப்பாடே நகைச்சுவையினும் இனிக்கிறது. அவர்கள் ஏங்குவது ஒரு தொடருக்கன்று; எதிர்ப்புக் குரல் கேளாத ஒரு சபைக்கு.

எனினும் இத்தொடர்களை மறைத்துவிட வேண்டும் என்போருடனும் எமக்கு உடன்பாடில்லை. 2020 ஜூனில் ‘ஃபோல்ற்ரி ரவர்ஸ்’ தொடரின் ‘ஜேர்மனியர்’ என்ற அங்கம் இணையச் சேவையொன்றிலிருந்து திடீரென அகற்றப்பட்டு, சில நாட்களில் எச்சரிக்கைக் குறிப்புடன் மீள வைக்கப்பட்டது. அகற்றியதும் மீள வைத்ததும் ஒரு வணிக நிறுவனத்தின் விருப்பத்தின்பாற்பட்டன. பார்வையாளரும் வரலாற்றாசிரியரும் கையறுநிலையில் நின்றனர். இனவாதம் பிரித்தானிய வீடுகளின் வரவேற்பறையில் எவ்வாறு இயல்பான சிரிப்பாகப் புழங்கியது என்பதற்கு அந்தத் தொடர்களே முதன்மையான ஆவணங்கள். சான்றை அழித்துவிட்டால் குற்றவாளிக்கே வசதி. தட்டு வீட்டிலிருப்போன், தன்னையறியாமலே அச்சான்றின் காவலனாகிறான்.

ஆனால் தனியாரின் அலுமாரி பொதுக் களஞ்சியமாகாது. ஐ.ரி.வி. நிறுவனங்களின் பழைய தொடர்களைப் பெருமளவில் டி.வி.டி.யாக வெளியிட்ட நெற்வேர்க் நிறுவனம் 2023இல் மூடப்பட்டது. அத்துடன் அதன் பட்டியலும் கடைகளிலிருந்து மறையத் தொடங்க, பழைய பிரதிகளின் விலை ஏறியது. பி.பி.சி.யில் அனுமதிக் கட்டணம் செலுத்திய மக்களின் பணத்தில் ஒருமுறை உருவாக்கப்பட்டவற்றையும், அவர்களே மீண்டும் மீண்டும் விலைக்கு வாங்குகின்றனர். அதன்பின் ஊகவணிகரிடம் இன்னொருமுறை. மீட்டெடுப்பு வேலையின் கணிசமான பகுதியும் ஆர்வலர் உழைப்பே. படச்சுருட் பிரதியில் இழக்கப்பட்ட வீடியோவின் வழுவழுப்பான அசைவை மீளத்தரும் விட்ஃபயர் முறையும், கறுப்பு-வெள்ளைப் பிரதியில் தற்செயலாகப் பதிந்திருந்த நுண்புள்ளிகளிலிருந்து வர்ணத்தை மீட்கும் முறையும் ஆர்வமுள்ள பொறியியலாளரின் முயற்சியிற் பிறந்தவை. இரண்டாவது முறையால் ‘டாட்ஸ் ஆமி’யின் அங்கமொன்று 2008இல் மீண்டும் வர்ணத்தில் ஒளிபரப்பானது. இயந்திரப் பிரதியாக்கம் கலைப்பொருளின் ஒளிவட்டத்தை அகற்றும் என வோல்ரர் பெஞ்சமின் கருதினார். இங்கோ பிரதியிலேயே ‘அன்றிரவு கண்டது போன்ற’ ஒளிவட்டத்தை மீளப் பொருத்தும் பெருமுயற்சி நடைபெறுகிறது.

‘அன்றிரவு’ என்பதை மீட்க முடியுமா? றேமண்ட் வில்லியம்ஸ் 1974இல் தொலைக்காட்சி பற்றி எழுதிய நூலில், அதன் அடிப்படை அலகு தனி நிகழ்ச்சியன்று, இடையறாத தொடரோட்டமே என்றார். தட்டு ஓட்டத்தை அறுத்து அலகைத் தருகிறது. செய்தியும் விளம்பரமும் அறிவிப்பாளரின் குரலும் அயல்வீட்டாரும் அதில் இல்லை. (விளம்பரங்களோடு வீட்டிற் பதியப்பட்ட பழைய நாடாக்கள் ஆய்வாளருக்கு அதிகம் பயன்படுவது இதனாலேயே.) 1982 நவம்பரில் நான்காவது அலைவரிசை தொடங்கும்வரை அந்நாட்டில் மூன்றே அலைவரிசைகள், மறுநாட் காலை தொழிற்சாலையிலும் பள்ளியிலும் பேசப்பட்டது ஒன்றே. தட்டுக்களை அடுக்கிவைப்போர் உண்மையில் இழந்தது அந்தப் பொதுமையை. அதனை அழித்தது காலமன்று. ஒளிபரப்பைச் சந்தையிடம் ஒப்படைத்த கொள்கை. ஆயினும் அவ்விழப்பைப் பெட்டியிலடைத்து விற்பதும் அதே சந்தை.

இறுதியாக, ஏக்கத்தின் தலைசிறந்த பண்டமெனக் கருதப்படும் ‘அப்ஸ்ரெயர்ஸ், டவுன்ஸ்ரெயர்ஸ்’ தொடருக்கு வருவோம். இலண்டனின் ஈற்றன் பிளேசில், மேல்மாடியிற் பெல்லமி குடும்பமும் கீழ்த்தளத்தில் அதன் வேலைக்காரரும் வாழும் வாழ்வை 68 அங்கங்களிற் கூறும் இத்தொடர் 1971 ஒக்ரோபரில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. இதனைக் கற்பித்த ஜீன் மார்ஷ், ஐலீன் அற்கின்ஸ் ஆகிய இரு நடிகையரும் தம் பெற்றோர் தலைமுறையில் வீட்டுப்பணியை அறிந்தோர்; வேலைக்காரப் பெண்களின் கதையாகவே முதலில் எண்ணினர். அதன் பதிவு தொடங்கிய காலத்தில், 1970 நவம்பர் முதல் 1971 பெப்ரவரி வரை, ஐ.ரி.வி. தொழில்நுட்பவியலாளர் வர்ணக் கருவிகளுடன் வேலைசெய்வதற்கு உயர்ந்த ஊதியம் கோரி அவற்றை இயக்க மறுத்தனர். முதல் அங்கங்கள் கறுப்பு-வெள்ளையிலேயே பதிவாயின. வர்ணத்துக்கே வெளிநாட்டுச் சந்தை. ஆகவே முதலங்கம் பின்னர் வர்ணத்தில் மீளப் பதியப்பட்டதுடன், அதற்கு இரு முடிவுகளும் எடுக்கப்பட்டன. ஒன்றில் சாரா என்ற புதிய பணிப்பெண் அவ்வீட்டிலேயே தங்குகிறாள். மற்றையதில் வீட்டைவிட்டுப் போய்விடுகிறாள். அவள் போய்விட்டால் அடுத்துவரும் ஐந்து கறுப்பு-வெள்ளை அங்கங்களும் இல்லாமலே கதையை விற்கலாம். 1974இல் அமெரிக்கப் பார்வையாளர் தொடரைக் கண்டபோது அவ்வங்கங்கள் இருக்கவில்லை. எசமானர் ஸ்கொட்லாந்து சென்றுள்ள வேளையில் வேலைக்காரர் அவர்களின் உடைகளை அணிந்து, அவர்களைப் போலப் பேசி நடித்துக் களிக்க, குடும்பத்தின் மகன் ஜேம்ஸ் எதிர்பாராது வீடு திரும்பும் அங்கம் அவ்வைந்தில் ஒன்று. முழுத்தொகுதியாக வெளிவந்த டி.வி.டி.யில் அது தன் இடத்தில், கறுப்பு-வெள்ளையிலேயே இருக்கிறது.